பெறுநர் என்ற இடத்தில் யார் பெயரைப் போடுவது?

“மேற்படி உறுப்பினரை நாங்கள் திருப்பி அழைத்துக்கொள்கிறோம் என்பதை இத்தால் அறியத்தருகிறோம்” என்று அடித்துவிட்டு நிமிர்ந்தேன். கடிதத்துக்கு உடம்பு வந்துவிட்டது, தலைதான் இல்லை. ‘பெறுநர்’ என்று போட்டு, அதற்குக் கீழே ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தேன்.

“யாருக்குன்னு போடட்டும்?”

எதிரே வாங்கில் உட்கார்ந்திருந்த மூன்று பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அதில் மூத்தவர் மாதர் சங்கத் தலைவி. “அதெல்லாம் ஒங்களுக்குத் தெரியும்னுதானே தங்கச்சி இங்க வந்தோம்” என்றார்.

எனக்குத் தெரியாது. தோட்டத்து லய வீடுகளின் கூரைத் தகரத்துக்கு மனேஜர் பெரியதொரை, பஸ் நேரத்துக்கு டிப்போ, பாலத்துக்குப் பிரதேச செயலாளர், ஆஸ்பத்திரிக்கு டொக்டர் இல்லை என்றால் மாகாணச் சுகாதாரப் பணிப்பாளர். இத்தனை வருஷத்தில் நான் அடித்த மகஜர், அதாவது கோரிக்கை மனு, எல்லாவற்றுக்கும் ஒரு பெறுநர் இருந்தார். செய்தார்களா என்பது வேறு கதை. வாங்கிப் பார்த்துவிட்டுத் தூக்கிப்போடவாவது ஒருத்தர் இருந்தார். நாங்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய ஆளை நாங்களே திருப்பிக் கூப்பிடுவதற்கு யாருக்கு எழுதுவது?

ஊர்ப் பெயரை எழுதமாட்டேன். பிரதேச சபையின் பெயரும் கட்சியின் பெயரும் வராது. இலங்கை மலையகத்தில், அட்டனிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணிநேரம் என்பது போதும்.

கடையை 2006இல் ஆரம்பித்தேன். அப்போது இது கொமியுனிகேஷன், காசு கொடுத்துப் போன் பேசுகிற கடை. சவூதிக்கும் குவைத்துக்கும் வீட்டுவேலைக்குப் போன அம்மாமாரோடு பேசுவதற்குப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை வரிசையில் நிற்பார்கள். கூண்டுக்கு மேலே மீற்றரில் ரூபா ஓடும். ஒவ்வொரு கையிலும் போன் வந்ததும் கண்ணாடிக் கூண்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் போட்டோக்கொப்பி மெஷினை வைத்தேன். பெயர்ப்பலகையில் இன்னும் கொமியுனிகேஷன்தான். தமிழைப் பாமினி எழுத்துருவில் அடிப்பேன். சிங்களத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஓய்வுபெற்ற போஸ்ட் மாஸ்டர் ஒருவர் இருக்கிறார், எழுதித் தருவார், பார்த்து அடிப்பேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடவேண்டும். 2025 மே 6ஆம் திகதித் தேர்தலுக்கு அந்த உறுப்பினரின் துண்டுப்பிரசுரத்தை அடித்ததும் நான்தான். ‘உங்கள் வீட்டுப் பிள்ளை’ என்ற வரி அவர் சொன்னது. அந்த வட்டாரத்தில்தான் எனக்கும் ஓட்டு. அவருக்குத்தான் போட்டேன். அதற்கு முன்னால் இரண்டு வருஷத்துக்கு மேல் எங்களுக்கு உறுப்பினரே இல்லை. 2023 மார்ச்சில் நடக்கவேண்டிய தேர்தலைத் தள்ளிக்கொண்டே போனார்கள். சபைகளைச் செயலாளர்மார் நடத்தினார்கள். தெருவிளக்கு எரியவில்லை என்றால் சொல்வதற்கு ஒரு முகம் இல்லை. அதனால் யாராவது ஒரு முகம் வந்தால் போதும் என்றிருந்தது. இளைஞர், தோட்டத்துப் பிள்ளை, கூப்பிட்டால் போன் எடுப்பார். போன் எடுப்பார் என்பதை அப்போது ஒரு பெரிய குணமாக நினைத்தேன்.

*

சம்பவம் இதுதான். சபையின் நூலகத்துக்குத் தற்காலிகமாக ஒருவரை எடுக்கப்போகிறார்கள் என்று கதை வந்தது. ஏ.எல். முடித்துவிட்டு வீட்டில் இருந்த ஒரு பிள்ளை உறுப்பினரிடம் ஒரு கடிதம் வாங்கப் போயிருக்கிறாள். மலையகத்தில் இந்தக் கடிதம் ஒரு தனி ஜீவன். சட்டத்தில் அதற்கு ஒரு மதிப்பும் கிடையாது. ஆனால் அஸ்வெசும நிவாரணப் பண மேன்முறையீடா, பாடசாலை அனுமதியா, மின் இணைப்பா, எதற்கும் முதலில் “மெம்பர்கிட்ட ஒரு லெட்டர் வாங்கிட்டு வா” என்பார்கள். அவள் சுயவிபரக்கோவையைக் கொடுத்துவிட்டு வந்தாள். அதில் போன் நம்பர் இருந்தது. அந்தக் கோவையை அடித்துக்கொடுத்ததும் இதே கடையில்தான்.

இரவு பதினொரு மணிக்கு முதல் மெசேஜ். ‘சாப்ட்டியாம்மா’. மறுநாள் ஒரு பூப்படம். அதற்கடுத்த வாரம் அவள் போட்டோ ஒன்றைக் கேட்டது. பிறகு, லெட்டர் ரெடியாக இருக்கிறது, நுவரெலியாவுக்குத் தனியாக வந்தால் கையில் தரலாம், யாரிடமும் சொல்லவேண்டாம். மற்றதை நான் எழுதப்போவதில்லை. அந்தப் பிள்ளையின் சித்திக்காரி போனைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, “வாசிச்சுப் பாருங்கக்கா” என்றாள். வாசித்தேன். வாசித்து முடித்ததும் எழுந்துபோய்க் கடையின் முன்கதவைப் பாதி சாத்தினேன். ஏன் சாத்தினேன் என்று தெரியவில்லை. குளிர் என்று சொல்லிக்கொண்டேன்.

மூன்றாவதாக வந்திருந்தது முன்பள்ளி டீச்சர். அவருக்கும் மெசேஜ் வந்திருந்தது. இன்னும் இரண்டு பேருக்கு வந்திருக்கிறதாம், அவர்கள் வெளியில் சொல்லமாட்டார்கள். பொலிஸுக்குப் போகலாமே என்றேன். “போகலாங்க்கா. போனா பிள்ளையோட பேரு புத்தகத்துல ஏறும். அப்புறம் மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்து கேக்குறது மெசேஜ் அனுப்புனவன் பேரையில்ல” என்றாள் சித்தி. அதற்கு என்ன பதில் சொல்வது.

அதனால்தான் மகஜர். யார் பெயரும் வராமல், ஊரே சேர்ந்து, ‘இவர் எங்களுக்கு வேண்டாம்’ என்று எழுதிவிட்டால் முடிந்தது என்று நினைத்தார்கள். அப்படி நினைத்ததில் தப்பே இல்லை. தோட்டத்தில் அப்படித்தான் நடக்கும். தலைவர் சரியில்லை என்றால் கோயில் வாசலில் கூடுவார்கள், பேசுவார்கள், ஏசுவார்கள், கையைத் தூக்கி வேறொரு தலைவரை வைத்துவிடுவார்கள். தொழிற்சங்கமே சரியில்லை என்றால் சந்தாவை நிறுத்தச் சொல்லி ஒரு படிவத்தில் கையெழுத்து. அடுத்த மாதச் சம்பளத்தில் அந்தக் காசு வேறு சங்கத்துக்குப் போகும். அந்தப் படிவத்தை எத்தனை ஆயிரம் கொப்பி எடுத்துக் கொடுத்திருப்பேன்! பெரிய பெரிய தலைவர்மார் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்துக்கே வந்து கும்பிட்டு நின்றதெல்லாம் அந்த ஒரு துண்டுக் காகிதத்துக்குப் பயந்துதான். சங்கத்துக்கு நடப்பது சபைக்கு நடக்காதா என்று கேட்டால், கேட்டவரைப் பார்த்துச் சிரிக்க முடியுமா?

*

சாயந்தரம் கதை வேறு பக்கம் திரும்பியது. மகஜர் அடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, கோயில் கமிட்டியில் இருக்கிற இரண்டு பெரியவர்கள் வந்தார்கள். கையில் ஒரு கொப்பி. அவர்களும் ‘பொயின்ட்’ எழுதிக்கொண்டு வந்திருந்தார்கள்.

முதலாவது, சிறுவர் விளையாட்டுப் போட்டிக்குக் குடித்துவிட்டு வந்து மைக்கைப் பிடுங்கினார். அது உண்மை, நானும் பார்த்தேன். இரண்டாவது, வீட்டில் பெண்சாதி பிள்ளைகள் இருக்க, வேறு ஒரு பெண்ணுக்கு டவுனில் வீடு எடுத்துக் கொடுத்திருக்கிறார். மூன்றாவதை வாயால் சொல்லவில்லை. “அந்தப் பொம்பள யாருன்னு தெரியுந்தானே, எந்த ஆளுகன்னு?” என்று ஒருவர் குரலைத் தாழ்த்தினார். மலையகத்தில் எல்லாரும் ஒன்று என்று மேடையில் பேசுகிற வாய்தான் அது.

“இதப் போடுங்க, இதுதான் பாரதூரமானது. ‘ஒழுக்கக்கேடு’ன்னு தலைப்புப் போட்டு முதல்ல இதப் போடுங்க. மெசேஜ் கிசேஜ் எல்லாம் பின்னால வரட்டும்.”

எனக்குக் கை நின்றுவிட்டது. காரணம் ஒன்று உண்டு. நான் என் கணவரைப் பிரிந்து வந்து இந்தக் கடையைப் போட்ட வருஷம், வியாபாரப் பதிவுக்கு விண்ணப்பித்திருந்தபோது, கந்தோருக்கு ஒரு மொட்டைப் பெட்டிஷன் போனது. ‘இவள் ஒழுக்கம் கெட்டவள், இரவில் கடை திறந்திருக்கிறது, ஆண்கள் வந்துபோகிறார்கள்.’ வெளிநாட்டு நேரத்துக்குக் கோல் எடுக்க வந்தவர்கள்தான் அந்த ஆண்கள். கந்தோரில் இருந்த உத்தியோகத்தர் அதை என்னிடம் காட்டிச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ‘ஒழுக்கம்’ என்ற சொல்லை அடிக்கும்போதெல்லாம் அந்தக் காகிதம்தான் ஞாபகம் வரும்.

அதனால் சொன்னேன்: “ஐயா, வீடு எடுத்துக் கொடுத்தது அவரு பெண்சாதி கேக்கவேண்டிய கேள்வி. அந்தம்மா கேட்டு வந்தா நான் காசில்லாம அடிச்சுத் தாரேன். இது நம்ம ஓட்ட வச்சு அவரு செஞ்சதப் பத்தின காகிதம்.”

“அப்ப மெசேஜ் மட்டும் சொந்த விசயம் இல்லையா?”

நியாயமான கேள்வி. அன்று இரவு முழுக்க அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். இரண்டும் ராத்திரி விஷயம்தான், இரண்டும் பெண் விஷயம்தான். ஆனால் நூலக வேலை சபையினுடையது. கடிதத்துக்கு மேலே இருக்கிற முத்திரை சபையினுடையது. அந்தப் பிள்ளை அவரைத் தேடிப் போனது, அவர் எங்கள் உறுப்பினர் என்பதற்காக. உறுப்பினராக இல்லாவிட்டால் அவளுடைய நம்பர் அவரிடம் இருந்திருக்காது. நாங்கள் கொடுத்த சாவியை வைத்துக்கொண்டு எங்கள் வீட்டையே திறந்திருக்கிறார். டவுன் வீட்டுச் சாவி அவர் காசு கொடுத்து வாங்கியது.

மறுநாள் பெரியவர்களிடம் இதைச் சொன்னபோது ஒருவருக்கு விளங்கியது. மற்றவர் கொப்பியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, “நீங்களும் பொம்பளதானே, ஒங்க புத்தி அப்பிடித்தான் போகும்” என்று இறங்கிப் போனார். அவர் கடைசிவரை கையெழுத்துப் போடவில்லை. விளையாட்டுப் போட்டியில் மைக்கைப் பிடுங்கியது மட்டும் மகஜரில் நின்றது. அங்கே அவர் உறுப்பினராகத்தான் வந்தார், மாலையும் போட்டார்கள்.

*

பெறுநரைத் தேடிய கதைக்கு வருகிறேன்.

சபைச் செயலாளர் மரியாதையாகத்தான் பேசினார். “நான் உத்தியோகத்தர். உறுப்பினரை நீக்க எனக்கு ஏது அதிகாரம்? தவிசாளர்கிட்ட குடுங்க.” தவிசாளர், உறுப்பினரின் கட்சிக்காரர். “அவரு சொந்த விசயத்துல நான் எப்பிடித் தலையிடுறது” என்றார். தவிசாளரையே இறக்குவதாக இருந்தால் வரவுசெலவுத் திட்டத்தை இரண்டு தடவை தோற்கடிப்பார்கள், பத்திரிகையில் வாசித்திருக்கிறோம். சாதாரண உறுப்பினருக்கு அந்த வழியும் கிடையாது.

அட்டன் நீதிமன்றத்துக்கு வந்துபோகிற சட்டத்தரணி ஒருவர் கடையில் கொப்பி எடுப்பார். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது அவரிடம் கேட்டேன். கண்ணாடி அலுமாரியில் சாய்ந்துகொண்டு அவர் சொன்னதை என் வார்த்தையில் எழுதுகிறேன்.

ஒரு உறுப்பினரின் ஆசனம் காலியாக வழிகள் உண்டு. தானாக இராஜினாமா செய்யலாம். அனுமதியில்லாமல் கூட்டங்களுக்குத் தொடர்ந்து வராமல் இருக்கலாம். நீதிமன்றம் சிறைத்தண்டனை கொடுத்துத் தகுதி இழக்கலாம். கட்சி அவரை விலக்கித் தேர்தல் அதிகாரிக்கு அறிவிக்கலாம். இவை போக, 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தில் 185ஆம் பிரிவு என்று ஒன்று. கடமையை வேண்டுமென்றே புறக்கணித்தால், கடமையில் துர்நடத்தை காட்டினால், அதிகாரத்தைத் துஷ்பிரயோகம் செய்தால், ஓய்வுபெற்ற நீதித்துறை உத்தியோகத்தர் ஒருவரை வைத்து விசாரித்து, சபையைக் கலைக்கவோ உறுப்பினரை நீக்கவோ அமைச்சருக்கு அதிகாரம் உண்டு.

“எந்த அமைச்சருக்கு சேர்?”

“மாகாண அமைச்சருக்கு.”

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். மத்திய மாகாண சபையின் காலம் 2018இல் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தல் இல்லை, அமைச்சரும் இல்லை. எல்லாம் ஆளுநர். ஆளுநரை நியமிப்பது ஜனாதிபதி. ஆக, எங்கள் லயத்துக்குக் கீழே இருக்கிற வட்டாரத்துக்கு நாங்கள் தெரிவுசெய்த ஆளை நீக்க, நாங்கள் தெரிவுசெய்யாத ஒருவரிடம் போய் நிற்கவேண்டும்.

இன்னொன்று சொன்னார், அதில்தான் எனக்குப் பெரிய ஆத்திரம். அப்படியே நீக்கினாலும் எங்களுக்கு இடைத்தேர்தல் கிடையாது. கட்சிச் செயலாளர் ஒரு பெயரைக் கொடுப்பார், அது வர்த்தமானியில் வரும், அவ்வளவுதான். போகச் சொல்லவும் முடியாது, வருகிறவரைத் தெரிவுசெய்யவும் முடியாது.

அந்த 1987ஆம் ஆண்டுச் சட்டத்தோடு எங்களுக்குப் பழைய கணக்கும் உண்டு. அதிலுள்ள 33ஆம் பிரிவைக் காட்டித்தான், தோட்டத்துக்குள் சபையின் பணத்தைச் செலவழிக்க முடியாது என்று முப்பது வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஓட்டு சபைக்குப் போகும், சபையின் ரோடு எங்கள் லயத்துக்கு வராது. 2018இல்தான் அதைத் திருத்தினார்கள். அதே வருஷம்தான் நுவரெலியா, அம்பகமுவ என்று இரண்டாக இருந்த பெரிய சபைகள் ஆறாகப் பிரிந்தன. கொட்டகலை, அக்கரப்பத்தனை, நோர்வூட், மஸ்கெலியா என்று பெயர்ப்பலகைகள் ஏறின. தோட்டத்து ஆட்களே நிறையப்பேர் சபைக்குள் போனார்கள். சந்தோஷமாகத்தான் இருந்தது.

பேராதனையில் படிக்கிற அண்ணன் மகன் வட்ஸ்அப்பில் பத்து நிமிஷத்துக்குக் குரல் அனுப்பினான். இங்கிலாந்தில் 2015இல் ஒரு சட்டம் வந்ததாம். எம்.பி. ஒருவர் சிறைக்குப் போனாலோ, பத்து அமர்வு நாளாவது சபையிலிருந்து இடைநிறுத்தப்பட்டாலோ, செலவுக் கணக்கில் பொய் சொல்லித் தண்டனை பெற்றாலோ, அந்தத் தொகுதியில் கையெழுத்து வாங்க ஆரம்பிப்பார்கள். ஆறு வாரத்துக்குள் வாக்காளரில் 10 வீதம் பேர் போட்டால் ஆசனம் காலி, இடைத்தேர்தல். 2019இல் பீற்றர்பரோ தொகுதியின் எம்.பி. அப்படிப் போனார். வேகமாகக் கார் ஓட்டிய விஷயத்தில் பொய் சொல்லிச் சிறைக்குப் போனவர் அவர். கலிபோர்னியாவில் 2003இல் ஆளுநரையே மக்கள் வாக்களித்து இறக்கினார்கள், அந்த இடத்துக்கு ஒரு சினிமா நடிகர் வந்தார். இந்தியாவில் மத்தியப் பிரதேசத்தில் நகரசபைத் தலைவர்மாரை இடையில் இறக்க வாக்கெடுப்பு நடந்திருக்கிறது. சீட்டில் இரண்டே சின்னம். ஒன்றில் வெறும் நாற்காலி, மற்றதில் ஆள் உட்கார்ந்திருக்கும் நாற்காலி. எனக்கு இந்த நாற்காலிக் கதை ரொம்பப் பிடித்துப்போனது. மாதர் தலைவிக்குச் சொன்னேன். “வெறும் நாற்காலிக்கு ஓட்டுக் கேட்டு நம்ம ஊர்ல போஸ்டர் அடிச்சா எப்பிடி இருக்கும்!” என்று சிரித்தார்.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். இங்கிலாந்தில் மக்களாக ஆரம்பிக்க முடியாது, முதலில் நீதிமன்றமோ சபையோ கதவைத் திறக்கவேண்டும். மத்தியப் பிரதேசத்தில் கவுன்சிலர்மாரில் முக்கால்வாசிப் பேர் முதலில் கேட்கவேண்டும். இல்லாவிட்டால் தோற்றவன் மறுநாளே கையெழுத்து வேட்டையைத் தொடங்கிவிடுவான் என்று அண்ணன் மகன் சொன்னான். கோயில் கமிட்டிக்காரரின் கொப்பி எனக்கு ஞாபகம் வந்தது. சரிதான் என்று பட்டது. சட்டமே வந்தாலும் அதில் ‘ஒழுக்கம்’ என்ற சொல்லை யார் கையில் கொடுப்பது என்ற கேள்வி இருக்கும். ஆறாயிரம் பேர் சேர்ந்து ஒரு பெண்ணுக்குப் பெயர் வைக்கிற திருவிழாவாக அது ஆகிவிடக்கூடாதே.

*

கையெழுத்து வேட்டை தீபாவளிக்குப் பிறகு ஆரம்பமானது. 10ஆம் திகதி சம்பள நாள், கொழுந்து நிறுக்கிற இடம், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பரா வாசல், தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரை. பெண்கள்தான் கொண்டுபோனார்கள். பெயர், தேசிய அடையாள அட்டை இலக்கம், கையெழுத்து என்று மூன்று கட்டம் போட்டுக் கொடுத்தேன். அடையாள அட்டை இலக்கத்தைக் கண்டு நிறையப்பேர் பின்வாங்கினார்கள். “அவரு பார்த்தா எங்க அஸ்வெசுமவ வெட்டிடுவாரு” என்றார்கள். உறுப்பினருக்கு அந்த அதிகாரம் இல்லை என்று நான் சொன்னால், “ஒங்களுக்குத் தெரியாது” என்பார்கள். கடிதத்துக்கு இல்லாத சக்தியைக் கொடுத்தது மாதிரித்தான் இதுவும்.

அம்மாவுக்கு 81 வயது. வீட்டில் தாள் கிடந்ததைப் பார்த்து என்ன என்று கேட்டார். சொன்னேன். “ஓட்ட வாங்குறதுக்கே எத்தன வருசம் காத்துக் கெடந்தோம். நீங்க போட்ட ஓட்டத் திருப்பிக் கேக்குறீங்களா” என்றார். 1948இல் பறித்த பிரஜாவுரிமையைத் திருப்பித் தந்தபோது அவருக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது. அந்தப் படிவத்தில் பெருவிரல் வைக்க மனமில்லாமல் என்னிடம்தான் பெயர் எழுதப் பழகினார். நான் அப்போது சின்னப்பிள்ளை. மெசேஜ் கதையைப் பாதி சொன்னேன். முழுதும் சொல்லவேண்டி வரவில்லை. பேனையைக் கேட்டு வாங்கி, கட்டத்தை விட்டு வெளியே போகிற பெரிய எழுத்தில், பெயரை முழுசாக எழுதினார்.

நவம்பர் கடைசியில் 431 கையெழுத்து இருந்தது. அப்போதுதான் டித்வா புயல் வந்தது.

அந்த இரவைப் பற்றித் தனியாக எழுதவேண்டும், இங்கே இல்லை. மலை சரிந்தது, ரோடு போனது, ஒன்பது நாள் எங்களுக்குக் கரண்ட் இல்லை. இங்கே சொல்லவேண்டியது ஒன்றுதான். அந்த ஒன்பது நாளும் அந்த உறுப்பினர் தூங்கவில்லை. பாடசாலை முகாமுக்கு அரிசி மூட்டையை முதுகில் சுமந்து வந்தார். நடக்கமுடியாத ஒரு தாத்தாவைச் சாக்குக் கட்டிலில் வைத்து நான்கு பேரோடு சேர்ந்து சேற்றுக்குள் தூக்கினார். நான் கண்ணால் பார்த்தேன். போட்டோவுக்காகச் செய்யவில்லை, போட்டோ எடுக்க யாரிடமும் சார்ஜ் இல்லை.

தண்ணீர் வடிந்து கடை திறந்ததும் 17 பேர் வந்து தங்கள் பெயரை வெட்டச் சொன்னார்கள். வெட்டினேன். அடிமட்டம் வைத்து, ஒரே கோடு, பக்கத்தில் திகதி. ஒருவர் சொன்னார்: “அவரு தூக்கிட்டு வந்த அரிசியத் தின்னுட்டு எப்பிடிங்க கையெழுத்து வைக்கிறது?” நான் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கே ஒரு நாள் முழுக்க அந்தத் தாள்கட்டை எடுத்து அலுமாரிக்குள் வைத்துவிடலாமா என்றுதான் இருந்தது. சித்தி வந்தாள். கேட்டேன். “மூட்டை தூக்கினாரு, இல்லைன்னு சொல்லல. எங்க அம்மாவுக்கும் அவரு கொண்டாந்த பாய்தான். அந்த முகாம்ல எங்க புள்ள மூணு நாள் கக்கூசுக்குக் கூடத் தனியா போகல தெரியுமா, அவரு இருந்தாருன்னு” என்றாள்.

பொங்கலுக்குப் பிறகு மறுபடியும் தாள்கள் வெளியே போயின. மறுபடி பிடித்துக்கொண்டதற்கு அவள் சொன்ன அந்த வரிதான் காரணம் என்று நினைக்கிறேன். கடைசிக் கணக்கு 588.

*

கடைசியில் பெறுநர் நான்கு பேரானார்கள். மாகாண ஆளுநர், உள்ளூராட்சி உதவி ஆணையாளர், கட்சியின் பொதுச்செயலாளர், சபையின் செயலாளர். ‘திருப்பி அழைத்துக்கொள்கிறோம்’ என்ற வரியை எடுக்கச் சொன்னார் சட்டத்தரணி, சட்டத்தில் அப்படி ஒன்று இல்லை என்பதால். ‘185ஆம் பிரிவின் கீழ் விசாரிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்’ என்று மாற்றினேன். மாதர் தலைவி ஒத்துக்கொள்ளவில்லை. “சட்டத்துல இல்லாட்டி என்ன, நாம நினைக்கிறதப் போடுங்க” என்றார். இரண்டையும் போட்டேன்.

நுவரெலியாவுக்கு நாங்கள் ஐந்து பேர் போனோம். ஆளுக்கு ஒரு நாள் பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போனது, அந்த மாதம் அது சும்மா விஷயமில்லை. கந்தோரில் அரை மணிநேரம் நிற்கவைத்துவிட்டு, எங்கள் கொப்பியில் திகதி முத்திரை குத்திக் கொடுத்தார்கள். அந்த முத்திரையைப் பஸ்ஸில் ஐந்து பேரும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வந்தோம். ஐந்து வாரம் கழித்துச் சிங்களத்தில் ஒரு கடிதம். போஸ்ட் மாஸ்டர் வாசித்துச் சொன்னார்: விடயம் தொடர்பில் சபையின் செயலாளரிடம் அறிக்கை கோரப்பட்டுள்ளது. அதாவது, தனக்கு அதிகாரமில்லை என்று முதலில் சொன்னாரே, அவரிடம். தகவல் அறியும் சட்டத்தின் கீழ் அந்த அறிக்கை எங்கே என்று கேட்டு விண்ணப்பம் போட்டிருக்கிறேன். அந்தப் படிவத்தை இப்போது மனப்பாடமாகவே நிரப்புவேன். கட்சியிலிருந்து ஒருவர் போனில் பேசினார், “ஆள எச்சரிச்சிருக்கோம், பத்திரிகைக்குக் குடுத்துறாதீங்க” என்று.

நடந்த ஒரே நல்ல விஷயம் வேறு பக்கத்திலிருந்து வந்தது. சட்டத்தரணி மகஜரின் மூன்றாம் பந்தியை, வேலைக் கடிதத்துக்குப் பதிலாகத் தனியே வரச் சொன்ன பந்தியை, இரண்டாம் முறை வாசித்துவிட்டு, “இத ஏன் நீங்க ஒழுக்கம்னு நினைக்கிறீங்க, இது இலஞ்சம்” என்றார். 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தில் பாலியல் இலஞ்சமும் குற்றமாம். காசு கேட்டால் எப்படியோ அப்படி. அதற்குப் பெறுநர் உண்டு, கொழும்பில், இலஞ்ச ஊழல் ஆணைக்குழு. அவர்களுக்கு 588 கையெழுத்துத் தேவையில்லை. ஒருத்தி பேசினால் போதும்.

ஒருத்தி பேசவேண்டும் என்பதுதான் கஷ்டம். மகஜரை நாங்கள் எழுதியதே அவள் பேசாமல் இருப்பதற்காக. நான் பிள்ளையிடம் நேரில் சொன்னேன், கட்டாயப்படுத்தவில்லை. அவள் யோசித்துச் சொல்கிறேன் என்றாள். என்ன முடிவெடுத்தாள் என்பதை இங்கே எழுதமாட்டேன். அது அவளுடையது.

உறுப்பினர் இன்னும் உறுப்பினர்தான். மாதக் கூட்டத்துக்குப் போகிறார். என் கடைக்கு வருவதில்லை, கொப்பி எடுக்க ஒரு பையனை அனுப்புகிறார். பக்கத்துக்குப் பத்து ரூபா, மற்றவர்களுக்கு எப்படியோ அப்படித்தான். போன வாரம் அந்தப் பையன் கொண்டுவந்த கட்டில் ‘சிபாரிசுக் கடிதம்’ என்று ஐந்தாறு இருந்தன. பெயர்களைப் பார்க்கக்கூடாது என்று நினைத்தேன். பார்த்தேன். எல்லாம் ஆண்கள்.

நேற்றுச் சாயந்தரம் தோட்டத்தின் மேல்பிரிவான மேல்கணக்கிலிருந்து ஒரு அக்கா வந்தார், கொழுந்துக் கூடையோடு, கறை படிந்த விரலோடு. “அந்தக் கையெழுத்து இன்னும் வாங்குறீங்களா? நான் அப்ப மக வீட்டுல மஸ்கெலியாவுல இருந்தேன்.”

அனுப்பியாகிவிட்டது அக்கா என்று சொல்ல வாய் திறந்தேன். பிறகு அலுமாரியிலிருந்து கட்டம் போட்ட தாள் ஒன்றை எடுத்து, பேனையோடு மேசையில் வைத்தேன்.